ஒரு பொய் அறிவிப்பும் ஒரு நிஜ ஐயோவும்

அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒருநாள் குக்கர் மூன்று விசில் அடித்தது. அம்மா வந்து அடுப்பை அணைத்து, மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே கிழங்கு கல் மாதிரி கிடந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி மூன்று விசில், மறுபடி கல். மூன்றாம் முறை அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. விசில் சத்தம் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் ரேடியோ. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க இருட்டுக் குழியில் கம்பிக் கயிற்றோடும் கிரீஸோடும் தனியாகக் கிடந்துவிட்டு வருவதால், வீட்டில் அவர் பேசுவது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. ஆறு பெரிய மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகியவள், வீட்டிலும் அதே சுருதியில்தான் உப்பு கேட்பாள். டயர் கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை வீடு. அப்பா வாயைத் திறக்க மாட்டார், அம்மா வாயை மூட மாட்டாள். நடுவில் மாட்டிக்கொண்ட பெண் ஊரில் இருக்கிற எல்லோருடைய குரலிலும் பேசினாள். தலைமையாசிரியை, பல் டாக்டர், கீழே டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் தெரியாது.

பதினாறு வயதில் அவள் தினமும் ரயிலில் பள்ளிக்குப் போய்வந்தாள். நாலு பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷன். காலை ஏழே முக்கால் துறைமுக வண்டிக்குக் கூட்டம் நெருக்கித் தள்ளும். அறிவிப்பு அறையில் ஒரு அக்கா இருந்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போன்ற குரல். ரேடியோ அந்தக் குரலை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். பிளாட்பாரத்தில் தோழிகள் சுற்றி நின்று, "ரேடியோ, அக்காவைப் போடுடி" என்பார்கள். அவளும் போடுவாள்.

ஒரு திங்கட்கிழமை அந்த அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ரேடியோ உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழு மணி நாற்பத்தைந்து நிமிடத்திற்கு முதலாவது நடைமேடையிலிருந்து புறப்பட வேண்டிய துறைமுக வண்டி, இன்று நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும்."

நானூறு பேர் ஒரே மூச்சில் மேம்பாலப் படியில் ஏறினார்கள். பெட்டி, பை, குடை, குழந்தை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. ரேடியோ ஜன்னல் வழியே பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அவர்கள் நான்காவதுக்குப் போய்ச் சேர்ந்த நிமிடம், வண்டி வழக்கம்போல ஒன்றாவதில் வந்து நின்றது. நானூறு பேரும் திரும்பி ஓடிவந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிரே, தலைக்குமேல் அட்டை அட்டையாக முட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் படியேறிக்கொண்டிருந்தார். யாரோ இடித்தார்கள். முட்டை எல்லாம் படியில் கொட்டியது. அந்த வழுக்கலில் அவரும் எட்டுப் படி உருண்டு வந்து, காலைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தார்.

"ஐயோ!" என்றாள் ரேடியோ.

பதறியதில் விரல் மறுபடி பொத்தானை அழுத்தியதை அவள் கவனிக்கவில்லை. அந்த ஐயோ நாலு பிளாட்பாரத்திலும் எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்டது. மெல்லிய, கீச்சென்ற, அழுகை முட்டிய குரல். அது அறிவிப்பு அக்காவின் குரல் இல்லை என்பது காது உள்ள எல்லோருக்கும் தெரிந்தது. மொத்த ஸ்டேஷனும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு அன்று நானூறு பேர் சாட்சி.

இளஞ்சிறார் நீதிமன்றம் பழைய தபால் நிலையக் கட்டடத்தில் இருந்தது. கூண்டு கிடையாது. நீதிபதி அம்மாளும் எல்லோரோடும் சமமாக ஒரு நீள மேசையில்தான் உட்காருவார். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. அந்த அம்மாளைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவின. கவண் வைத்துத் தெருவிளக்கை உடைத்த இரண்டு பையன்களை, விளக்கு மாற்றும் வண்டியோடு ஒரு மாதம் ஏணி பிடிக்க அனுப்பினாராம். பஸ் சீட்டைக் கிழித்தவனைப் பணிமனைத் தையல் பிரிவில் உட்காரவைத்து இருபது சீட்டு தைக்கவைத்தாராம். ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை உறுமவிட்டவன் மூன்று வாரம் வார்டில் சக்கர நாற்காலி தள்ளினானாம். "அந்த அம்மாகிட்ட போனா ஜெயில் கிடையாது. ஆனா ஜெயிலே தேவலைன்னு இருக்கும்" என்று சலவைக்கூடத்தில் ஒருத்தி ரேடியோவின் அம்மாவுக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நீதிபதி காகிதங்களைப் படித்து முடித்துவிட்டு, "அந்த அறிவிப்பை இங்க ஒரு தடவை சொல்லு" என்றார்.

ரேடியோ அம்மாவைப் பார்த்தாள். அம்மா முதல் முறையாக வாயடைத்துப் போயிருந்தாள். ரேடியோ சொன்னாள். "பயணிகளின் கனிவான" என்று தொடங்கியதும், மூலையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த நீதிமன்றக் காவலர் விருட்டென்று எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அறையே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. இப்போ உன் குரல்ல பேசு."

"என்... என்ன பேசணும் மேடம்?"

"கேக்கலையே."

"என்ன பேசணும்?"

"இன்னும் கேக்கல. எலி மாதிரி இருக்கு." நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உன்னை ஏன் மன்னிக்கலாமான்னு யோசிக்கிறேன் தெரியுமா? அந்த ஐயோவுக்காக. அது ஒண்ணுதான் அன்னைக்கு நீ சொன்ன நிஜம். அதை வெச்சுத்தான் உனக்குத் தண்டனை எழுதப் போறேன்."

தண்டனை மூன்று பகுதி. முட்டைக்காரரின் கால் கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அந்த ஆறு வாரமும் காலையில் அவருடைய முட்டையை ரேடியோதான் பாலம் தாண்டி அந்தப் பக்கத்து பேக்கரியில் சேர்க்கவேண்டும். அன்று வண்டியைத் தவறவிட்டு ஸ்டேஷன் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்தவர்கள் முப்பத்தோரு பேர். ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, அன்றைய பொழுது அவர்களுக்கு எப்படிப் போனது என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். மூன்றாவது, இந்த ஆறு வாரமும் யார் குரலையும் எடுக்கக்கூடாது.

"விசில் கூடவா மேடம்?" என்று அம்மா கேட்டாள்.

"விசில் கூட."

திரும்பி வரும் வழியில் அப்பா அன்றைய நாலு வார்த்தையையும் ஒன்றாகச் செலவழித்தார். "மூணாவதுதான் ரொம்ப கஷ்டம், பாத்துக்கோ."

முட்டைக்காரர் ஐம்பது வயது, தடித்த உடம்பு, எதற்கும் சிரிக்கும் வாய். ஸ்டேஷன் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை முட்டைப் பெட்டிமேல் ராஜா மாதிரி நீட்டி வைத்திருந்தார். எட்டு அட்டை, அட்டைக்கு முப்பது முட்டை, ஏறுவதற்கு நாற்பத்திரண்டு படி. தடவைக்கு இரண்டு அட்டையாக நாலு நடை.

"மாமா, மன்னிச்சிருங்க" என்றாள் ரேடியோ.

"என்னது?"

"மன்னிச்சிருங்க."

"சத்தமா சொல்லும்மா. காலுதான் உடைஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு. இருந்தும் கேக்கலையே!"

முதல் நாள் பதினோரு முட்டை உடைந்தது. மாமா திட்டவில்லை. "என் ரெக்கார்டு இருநூத்தி நாப்பது. உன்னால அதைத் தொட முடியாது" என்றார். மேலே ஏறும்போது எதிரே வருகிறவர்களைப் பார்த்து "வழி வழி" என்று கத்தவேண்டும். அவள் கீச்சுக் குரலுக்கு யாரும் நகரவில்லை. அறிவிப்பு அக்கா குரலில் ஒரே ஒரு தடவை சொன்னால் ஆறு மாதிரி பிரிந்து வழிவிடுவார்கள். நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கீழே மாமா நாற்காலியிலிருந்தே கத்தினார். "தொண்டையிலிருந்து கத்தாத, வயித்திலிருந்து கத்து!" மூன்றாம் நாள் இரண்டு பேர் நகர்ந்தார்கள். அடுத்த வாரம் ஒரு வரிசையே ஒதுங்கியது. உடைந்த முட்டை மூன்றாகக் குறைந்தது.

முட்டை வேலை முடிந்ததும் ஏழேகாலுக்கு ஒன்றாவது பிளாட்பாரம். கையில் பட்டியல், கக்கத்தில் நோட்டு. "அன்னைக்கு வண்டியை விட்டுப் புகார் எழுதினவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடப்பாள்.

அகப்பட்ட முதல் ஆள் ஒரு நர்ஸ். அன்று தாமதமாகப் போனதால் இரவுப் பணி பார்த்தவள் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்கவேண்டியிருந்தது, அவள் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை என்றாள். ரேடியோ எழுதிக்கொண்டாள். ஒரு கணக்காளர் அன்று அடுத்த வண்டிவரை பெஞ்சில் உட்கார்ந்து, பையிலேயே மூன்று மாதமாகக் கிடந்த தம்பியின் கடிதத்தைப் படித்து முடித்தாராம். "அதுக்காக உனக்கு நன்றி சொல்லணுமா, உதைக்கணுமான்னு தெரியல. ரெண்டையும் எழுதிக்கோ." ஒரு பூக்காரம்மா, பூ வாடிப்போனதைச் சொல்லி அரை மணி நேரம் திட்டினாள். திட்டையும் சொன்னபடியே எழுதவேண்டும் என்பதால், "கொஞ்சம் மெதுவா திட்டுங்கம்மா, எழுத வரல" என்றாள் ரேடியோ. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்து திட்டு பாதியில் நின்றுபோனது.

எல்லாம் அப்படிச் சிரிப்பில் முடியவில்லை. பத்தொன்பதாவது ஆள் ஒரு இளைஞன். அன்று ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. பத்து நிமிடம் பிந்திப் போனான், உள்ளே விடவில்லை. பேசப் பேச அவன் முகம் சிவந்தது. அவள் விடாமல் எழுதினாள். முடித்ததும் அவன் நோட்டைப் பிடுங்கிப் படித்தான்.

"ஏமாத்தம்னு எழுதியிருக்க. ஏமாற்றம்."

"நீங்க ஏமாத்தம்னுதான் சொன்னீங்க சார். சொன்னபடி எழுதணும்னு உத்தரவு."

அவன் பேனாவை வாங்கி, அந்தச் சொல்லைத் தானே அடித்துத் திருத்திவிட்டுப் போனான். சாயங்காலம் ரேடியோ அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, "அவரு என்னைக் கொஞ்சமாவது மன்னிச்சிருப்பாராம்மா?" என்று கேட்டாள். "மன்னிக்கணும்னு கோர்ட்டு அவனுக்கா உத்தரவு போட்டுது? உனக்குத்தானே போட்டுது. நீ எழுதிட்டுப் போ" என்றாள் அம்மா.

நாலாவது வாரத்தில்தான் அது நடந்தது. ஒன்றாவது பிளாட்பாரத் தண்டவாளத்தில் ஏதோ பழுது. அறிவிப்பு அக்கா, வண்டி இன்று மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று அறிவித்தாள். ஒருவரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மறுபடியுமா? நாம நம்ப மாட்டோம்பா" என்றார் ஒரு பெரியவர். அக்கா மூன்று முறை சொன்னாள். வண்டி மூன்றாவதில் வந்து, பாதி காலியாகப் புறப்பட்டுப் போனது. அதற்கப்புறம் பாருங்கள், கூட்டம் முழுக்க அறிவிப்பு அறை வாசலுக்குப் போய்விட்டது. "நீ சொல்றது நிஜம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அக்கா வாசலில் நின்று, தண்ணீர் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, குரலே வராமல் அழுதாள்.

ரேடியோ கக்கத்தில் நோட்டோடு படியில் நின்று அதைப் பார்த்தாள். முப்பத்தோரு பேர் பட்டியலில் இந்த அக்கா இல்லை. அவள் இருபது வருஷமாகச் சேர்த்துவைத்த நம்பிக்கையை ஒரே நிமிடத்தில் திருடிவிட்டு, பட்டியலில் இல்லாததால் அவளிடம் போய் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லையே என்று இருந்தது.

மறுநாள் முட்டையை இறக்கிவிட்டு நேரே அறிவிப்பு அறைக்குப் போனாள்.

"அக்கா, உங்ககிட்டயும் கேக்கணும்."

அக்கா திரும்பவே இல்லை. "கேட்டு என்னடி பண்ணப் போற? தினமும் தொண்டை வத்திப் பேசறேன். ஒருத்தனும் நம்பல. வண்டி கண்ணு முன்னால வந்து நின்னாத்தான் ஏறுறான். போ."

ரேடியோ போனாள். ஆனால் பள்ளிப் பையை எடுக்கப் போகவில்லை. ஒன்றாவது பிளாட்பாரத்தின் நடுவில் சரக்கு எடை போடும் மேடை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றாள். வயிற்றிலிருந்து காற்றை இழுத்தாள்.

"எல்லாரும் இங்க பாருங்க! அன்னைக்குப் பொய் அறிவிப்பு சொன்னது நான்தான்!"

பிளாட்பாரத்தின் கடைசியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் கூடத் தலை தூக்கினார். ஊசி மாதிரி மெல்லிசாக இருந்தாலும், ஊசி மாதிரியே நேராகப் போனது அந்தக் குரல்.

"நான் இங்கதான் நிக்கிறேன். இனி என் வாய் மூடித்தான் இருக்கும். அப்போ மேல கேக்குறது அக்கா குரல். அது நிஜம்!"

சொல்லிவிட்டு, இரண்டு விரலால் உதட்டைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, வாத்து மாதிரி நின்றாள். சரியாக அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

நானூறு ஜோடிக் கண்ணும் ஒலிபெருக்கியைப் பார்த்தன, பிறகு ரேடியோவின் வாயைப் பார்த்தன. ஒரு குழந்தை, "ஆமாம்மா, அவ வாய் அசையல!" என்று கத்தியது. முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. பூக்காரம்மா, "கிள்ளினது போதாதுடி, இன்னும் இறுக்கிப் பிடி!" என்றாள். அறிவிப்பு அறை ஜன்னல் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள், ஜன்னலை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் ஏழு நாற்பதுக்கு ரேடியோ எடை மேடையில் ஏறி வாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் துறைமுக வண்டி இரண்டாவது நடைமேடைக்கு மாறியது. அக்கா அறிவித்தாள். "ரேடியோ வாய் மூடியிருக்கு! எல்லாரும் ரெண்டுக்கு ஓடுங்க!" என்று கணக்காளர் குரல் கொடுத்தார். கூட்டம் ஏறி இறங்கி, ஒருவர் விடாமல் வண்டியைப் பிடித்தது. வண்டி நகரும்போது ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எடை மேடையில் நிற்கும் பெண் இப்போது வாயைத் திறந்துகொள்ளலாம்."

வண்டி ஜன்னல்களிலிருந்து கைதட்டல் கேட்டது. ரேடியோ மேடையிலிருந்து குதித்து, சிரித்துக்கொண்டே அழுதுகொண்டு ஓடினாள். அறிவிப்பு அறைக் கதவு திறந்திருந்தது. "உள்ள வராத, வாசலோட நில்லு" என்றாள் அக்கா. பிறகு ஒரு டம்ளர் டீயை நீட்டினாள். "சரி, எழுதிக்கோ. எனக்கு அன்னைக்குப் பொழுது எப்படிப் போச்சுன்னா..." அது நோட்டில் ஏழு பக்கம் வந்தது.

ஆறு வாரம் முடிந்து நீதிமன்றத்துக்குப் போனபோது முப்பது பேர் கிடைத்திருந்தார்கள். ஒருவர் ஊர் மாறிப் போய்விட்டார். முட்டைக்காரர் கட்டுப் பிரித்த காலோடு சாட்சி சொல்ல வந்திருந்தார். கடைசி ஒன்பது நாள் ஒரு முட்டை உடையவில்லை என்று அவர் தன் சொந்த சாதனை மாதிரி சொல்லிக்கொண்டார்.

நீதிபதி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "நான் முப்பத்தோரு பேர்தானே சொன்னேன்? இந்தக் கடைசி ஏழு பக்கம் யாரு?"

"அது நீங்க சொல்லாம விட்டவங்க மேடம்" என்றாள் ரேடியோ.

குரல் அறையின் சுவரில் பட்டுத் திரும்பியது. காவலர் இந்த முறை பையை எடுக்கவில்லை. நீதிபதி அந்த ஏழு பக்கத்தையும் எழுத்து விடாமல் படித்தார். அதுவரை எல்லோரும் காத்திருந்தார்கள். படித்து முடித்து, "ஆமா, விட்டுட்டேன்" என்றார். அப்புறம்தான் முதல் முறையாகச் சிரித்தார். "வீட்டுல எப்படி இருக்கா?"

"ஒரே சத்தம் மேடம்" என்றாள் அம்மா, தன் சலவைக்கூடக் குரலில். "எதைச் சொன்னாலும் அப்புறம் என்னாச்சு, அப்புறம் என்னாச்சுன்னு கேட்டுத் துளைச்சு எடுக்கறா. இவங்க அப்பாவையே பேச வெச்சுட்டா. நேத்து ஒரு லிஃப்ட்டைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாரு!" அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

அந்த ரேடியோவுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. நகராட்சியில் குடும்பக் கணக்கெடுப்பு வேலை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது. மற்றவர்கள் "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிவிட்டு வரும் கதவெல்லாம் அவளுக்குத்தான் வரும்.

போன மாதம் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் அப்படி ஒரு கதவு. மூன்று வருஷமாக எந்தக் கணக்கெடுப்பாளருக்கும் திறக்காதது. தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "இங்க யாரும் இல்ல" என்றது.

"சரிங்க. இல்லாதவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. சாப்பிட்டீங்களா?"

தாழ்ப்பாள் நகர்ந்தது. வழுக்கைத் தலை, கசங்கிய சட்டை, காலைச் சுற்றிக்கொண்டு இரண்டு பூனை. அவர் பேச ஆரம்பித்து முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். படிவத்தில் "வீட்டில் உள்ளவர்கள்: ஒருவர்" என்று எழுதினாள். அவர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால், பூனைகளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லாவிட்டாலும், ஓரத்தில் பென்சிலால் அவற்றையும் சேர்த்துக்கொண்டாள்.